காசநோயும் குடும்பத்தின் உணவும்

காசநோய்க்கு மருந்து உண்டு. அம்மருந்து அரசாங்க மருத்துவ நிலையங்களில் விலையின்றிக் கிடைக்கிறது. அதனை ஒழுங்காக உட்கொள்வோரில் மிகப் பெரும்பாலோர் குணமடைகின்றனர். இவ்வாறிருந்தும், உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் காசநோய் காண்போருள் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியராகவே இருக்கிறார். நோயுற்றோரைக் குணப்படுத்துவது ஒரு பணி. அவரைச் சூழ்ந்து வாழ்வோர் நோயுறாமற் காப்பது மற்றொரு பணி. முதற்பணியில் நாம் அடைந்துள்ள முன்னேற்றம் இரண்டாவதில் இன்னும் கிட்டவில்லை. இவ்விரண்டாம் பணிக்கு உணவு எவ்வளவு துணை செய்யும் என்பதை அளந்து காட்டிய ஓர் ஆராய்ச்சியின் முடிவுகள் 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வெளியாயின. ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடைபெற்ற அவ்வாராய்ச்சியின் செய்தியைக் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்துகொள்வது பயனுடையதாகும்.

மதராஸ் ஆராய்ச்சி கூறியது

காசநோய்க்கு மருந்து காணப்படாத காலத்தில் நல்ல உணவும், ஓய்வும், தூய காற்றுமே சிகிச்சையெனக் கருதப்பெற்றன. வசதியுடையோர் மலைப்பாங்கான இடங்களிலிருந்த ஆரோக்கிய நிலையங்களிற் பல மாதங்கள் தங்கினர். 1940-களிலும் 1950-களிலும் ஸ்டிரெப்டோமைசின், பாஸ், ஐசோனியாசிட் ஆகிய மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோது புதியதொரு வினா எழுந்தது. மருந்து இருக்கும்போது ஆரோக்கிய நிலையமும் உயர்ந்த உணவும் இன்றியமையாதனவா என்பதே அவ்வினா.

இதற்கு விடை காண 1956இல் மதராசில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மதராஸ் அரசாங்கம், உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இதிற் பங்கு கொண்டன. நகரத்தின் ஏழை நோயாளர் 193 பேர் இரு பிரிவினராகப் பிரிக்கப்பட்டனர். இரு பிரிவினரும் ஓராண்டுக் காலம் ஒரே மருந்துகளை உட்கொண்டனர். ஒரு பிரிவினர் ஆரோக்கிய நிலையத்தில் தங்கி நல்லுணவும் ஓய்வும் பெற்றனர். மற்றவர் நெருக்கடியான தம் வீடுகளிலேயே, தமக்குக் கிடைத்த எளிய உணவை உண்டு வாழ்ந்தனர். ஆரோக்கிய நிலையத்தில் இருந்தோருக்கு உடல் எடை மிகுதியாகக் கூடியது. ஆயினும் நோய் தணிந்த அளவில் இரு பிரிவினர்க்கும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. அன்றியும், வீட்டிலேயே நோயாளியை வைத்துச் சிகிச்சை செய்ததனால் உடனுறைவோர்க்கு அபாயம் மிகவில்லை என்பதும் தெளிவாயிற்று. 1959இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றிற்று. வீட்டிலிருந்தபடியே மருந்துண்ணும் முறை பரவி, கோடிக்கணக்கான ஏழைகளுக்குச் சிகிச்சை எட்டியது.

இவ்வாராய்ச்சி தெளிவாக நிலைநாட்டியது யாதெனில், உணவு குறைந்திருப்பினும் மருந்து தன் வேலையைச் செய்யும் என்பதே. ஆனால் நாளடைவில் இதனினும் பரந்த கருத்தொன்று பலர் உள்ளத்தில் இடம் பெற்றது. காசநோய்க்கும் உணவுக்கும் பெரிய தொடர்பில்லை என்பதே அக்கருத்து. மதராஸ் ஆராய்ச்சி அவ்வாறு கூறவில்லை. அந்த வினாவை அது எழுப்பவுமில்லை. நோயுற்றவர் குணமடைவாரா என்பது ஒரு வினா. அவர் வீட்டில் அடுத்து நோயுறப் போகிறவர் யார் என்பது வேறொரு வினா.

உறங்கும் கிருமி

காசநோய்க் கிருமி உடலிற் புகுந்தோர் அனைவரும் நோயுறுவதில்லை. பெரும்பாலோர் உடலில் அக்கிருமி அடங்கிக் கிடக்கிறது. கிருமியை விழுங்கும் வெள்ளணுக்களும் அவற்றுக்குத் துணை நிற்கும் பிற அணுக்களும் அதனைச் சூழ்ந்து சிறைப்படுத்தி வைக்கின்றன. இக்காவல் தளர்ந்தால் உறங்கிய கிருமி விழித்துப் பெருகும். உண்ணும் உணவு நெடுங்காலம் குறைந்திருப்பின், காவல் புரியும் அணுக்களின் தொகையும் ஆற்றலும் குன்றுகின்றன. உலகின் பல நாடுகளிலிருந்து திரட்டிய விவரங்கள் இதனை எண்ணாலும் காட்டுகின்றன. உடல் நிறைக் குறியீடு ஓர் அலகு குறையுந்தோறும் காசநோய் காணும் வாய்ப்பு ஏறக்குறைய 14 சதவீதம் உயர்கிறது.

இக்குறியீட்டைக் கணக்கிடுதல் எளிது. எடையைக் கிலோகிராமில் எடுத்து, உயரத்தை மீட்டரில் அளந்து அதன் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 160 சென்டிமீட்டர் உயரமும் 42 கிலோ எடையும் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். 1.6ஐ 1.6ஆற் பெருக்க 2.56, 42ஐ 2.56ஆல் வகுக்க 16.4. வளர்ந்தோர்க்கு 18.5க்குக் குறைந்தால் ஊட்டக் குறைவு என்பர். இவர் அந்த எல்லையை எட்டுவதற்கு 47 கிலோவுக்குச் சற்று மேல் இருத்தல் வேண்டும்.

ஒரு வீட்டில் நோயாளி கண்டுபிடிக்கப்படும்போது, உடனுறைவோருட் பலருக்குக் கிருமி முன்னரே தொற்றியிருக்கும். மாதக்கணக்கில் இருமிய பின்னரே பலர் மருத்துவரை நாடுகின்றனர். ஆகவே அந்நிலையில், தொற்றிய கிருமியை உறக்கத்திலேயே வைத்திருக்க இயலுமா என்பதே முதன்மையான கேள்வியாகிறது. ஆனால் அதே மாதங்களில்தான் அவ்வீட்டின் வருவாயும் குறைகிறது. உழைத்து வந்தவர் படுக்கையில் இருக்கிறார். அவரைப் பேணுவதற்காக மற்றொருவரும் வேலையை விடுகிறார். பருப்பும் எண்ணெயும் முதலிற் குறைகின்றன. பின்னர் அரிசியும் குறைகிறது. காவல் மிகுதியாக வேண்டப்படும் காலத்திலேயே காவலர்க்கு உணவு இல்லாமற் போகிறது.

இங்கிலாந்தில் பேப்வொர்த் என்னுமிடத்தில் 1918 முதல் நடைபெற்ற குடியேற்றத்தில் காசநோயாளருக்குச் சிகிச்சையோடு வீடும், ஊதியமுள்ள வேலையும் அளிக்கப்பட்டன. அங்குப் பிறந்த குழந்தைகள் நோயுற்ற பெற்றோருடனேயே வளர்ந்தனர். கிருமித் தொற்றினின்று அவர்கள் தப்பவில்லை. எனினும் நோய் கண்டவர் சிலரே. ஆனால் அங்கு உணவோடு வீடும் வருவாயும் சேர்ந்தே உயர்ந்திருந்தமையால், உணவின் பங்கு மட்டும் எவ்வளவு என்பதைப் பிரித்தறிய இயலவில்லை. அதற்கு முறையான ஒப்புநோக்கு ஆராய்ச்சி தேவையாயிற்று.

ஜார்க்கண்டில் நடைபெற்றது

ரேஷன்ஸ் எனப் பெயரிடப்பட்ட அவ்வாராய்ச்சி, ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2019 ஆகஸ்டு முதல் நடைபெற்றது. மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோர் முன்னின்று நடத்த, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பொருளுதவி செய்தது. மதராசில் 1956இல் தொடங்கிய அதே நிலையம், இப்போது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயருடன் இதிலும் பங்கு கொண்டது.

நுரையீரற் காசநோய் கண்ட 2,800 நோயாளரும், அவர்தம் வீடுகளில் உடனுறைந்த 10,345 பேரும் ஆராய்ச்சியிற் சேர்க்கப்பட்டனர். உடனுறைந்தோரில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் சந்தால், ஹோ, முண்டா, ஒராவோன், பூமிஜ் முதலிய பழங்குடியினர். மூன்றில் ஒரு பங்கினர்க்கு ஊட்டக் குறைவு இருந்தது.

காசநோய்ப் பணிக்கென அமைந்த 28 வட்டாரங்கள் குலுக்கல் முறையில் இரு பிரிவுகளாக்கப்பட்டன. நோயாளர்க்கு உணவு மறுப்பது முறையன்று என்பதால், இரு பிரிவிலும் எல்லா நோயாளருக்கும் மாதந்தோறும் 10 கிலோ உணவுப் பொருள்கள் அளிக்கப்பட்டன. இவை நாளொன்றுக்கு 1,200 கலோரியும் 52 கிராம் புரதமும் தரக்கூடியவை. ஒரு பிரிவில் மட்டும், உடனுறைவோர் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும், 1.5 கிலோ துவரம் பருப்பும், உயிர்ச்சத்துகளும் தாது உப்புகளும் அடங்கிய மாத்திரைகளும் வழங்கப்பட்டன. இவ்வுணவின் மதிப்பு நாளொன்றுக்கு 750 கலோரியும் 23 கிராம் புரதமும் ஆகும். குழந்தைகளுக்கு இதிற் பாதி அளவு. மற்றப் பிரிவில் உடனுறைவோர்க்கு உணவு வழங்கப்படவில்லை. ஆகவே இரு பிரிவுக்கும் இடையே உள்ள வேறுபாடு, உடனுறைவோர் பெற்ற உணவே எனக் கொள்ளலாம்.

கண்ட முடிவுகள்

தொடக்கப் பரிசோதனையிலேயே உடனுறைவோருள் 31 பேருக்கு நோய் இருப்பது கண்டறியப்பட்டது. பின்னர் 2022 ஜூலை வரை அனைவரும் தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். உணவு பெற்ற 5,621 பேர் கொண்ட பிரிவில் 96 பேருக்கும், பெறாத 4,724 பேர் கொண்ட பிரிவில் 122 பேருக்கும் புதிதாக நோய் கண்டது. அதாவது ஆயிரம் பேருக்கு முறையே 17, 26 எனலாம். ஏனைய வேறுபாடுகளைக் கணக்கிற் கொண்டு நோக்கியபோது, எல்லா வகைக் காசநோயும் 39 சதவீதம் குறைந்திருந்தது. கிருமிச் சோதனையால் உறுதி செய்யப்பட்ட நுரையீரற் காசநோய் 48 சதவீதம் குறைந்திருந்தது. பிறருக்குத் தொற்றுவது பெரும்பாலும் நுரையீரற் காசநோயே ஆதலின், இரண்டாவது எண் சிறப்பாகக் கருதத்தக்கது. ஏறக்குறைய 30 குடும்பங்களுக்கு உணவளித்தால் ஒருவருக்கு நோய் வராமல் தடுக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர் கணக்கு.

நோயாளரைப் பற்றிய முடிவுகளும் எண்ணத்தக்கவை. சிகிச்சை தொடங்கும்போது அவர்களின் சராசரி உடல் நிறைக் குறியீடு 16.4, மேலே நாம் கணக்கிட்டவரின் நிலை அதுவே. நூற்றுக்கு 83 பேர் ஊட்டக் குறைவு உடையவர்கள். நூற்றுக்கு 17 பேரின் குறியீடு 14க்கும் கீழ். உயிர் தாங்குவதே அரிதான மெலிவு இது. முதல் இரண்டு மாதங்களில் எடை ஒரு சதவீதம் கூடினால் இறக்கும் அபாயம் 13 சதவீதமும், 5 சதவீதம் கூடினால் 61 சதவீதமும் குறைந்து காணப்பட்டது. 40 கிலோ எடையுள்ளவருக்கு 5 சதவீதம் என்பது 2 கிலோவே.

இம்முடிவுகளைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். வறுமை மிக்க பகுதியில், உணவு குறைந்த மக்களிடையே நடந்த ஆராய்ச்சி இது. நன்றாக உண்ணும் குடும்பத்திற்கு மேலும் உணவளித்தால் இதே பயன் விளையும் எனக் கொள்ளலாகாது. அன்றியும், உணவு மருந்துக்கு மாற்றன்று. உடனுறைவோரைப் பரிசோதித்தலும், நோயில்லாதவர்க்குத் தடுப்பு மருந்து கொடுத்தலும் நடந்தே தீர வேண்டும்.

களப்பணியாளர் செய்யத்தக்கவை

நோயாளியின் எடையை மாதந்தோறும் பதிவு செய்தல் முதற்கடமை. மருந்தின் அளவும் எடையைக் கொண்டே அமைகிறது. இரண்டு மாதமாகியும் எடை ஏறவில்லையெனில் மருத்துவருக்கு அதனைத் தெரிவித்தல் வேண்டும். தமிழ்நாட்டில் 2022 முதல் நடைபெறும் திட்டமொன்றில், நோய் கண்டவுடன் மிக மெலிந்தோர் பிரித்தறியப்படுகின்றனர். குறியீடு 14ஐத் தாண்டாதவர், மூச்சு வேகமாக வாங்குபவர், இரத்தத்தில் பிராணவாயு குறைந்தவர், பிறர் துணையின்றி நிற்க இயலாதவர் ஆகியோர் மருத்துவமனையிற் சேர்ப்பதற்கு முதலிடம் பெறுகின்றனர். எடைக் கருவி ஒன்றும் அளவு நாடா ஒன்றும் இருந்தால், மெலிவை எந்தச் சிற்றூரிலும் அளந்துவிடலாம்.

அடுத்து, நோயாளியை மட்டுமன்றி வீட்டில் உள்ள அனைவரையும் எடை பார்த்தல் வேண்டும். குழந்தைகளுக்கு 18.5 என்ற எல்லை பொருந்தாது; அவர்களுக்கு வயதுக்குரிய வளர்ச்சி அட்டவணையையே நோக்க வேண்டும். இரு வாரம் நீடித்த இருமல், காய்ச்சல், எடைக் குறைவு, இரவு வியர்வை ஆகியவற்றைக் கேட்டறிதலும் இவ்வேளையிலேயே நடைபெறலாம்.

குடும்பத்திற்கு உரிய உணவு கிடைக்கின்றதா என்பதையும் விசாரித்தல் தகும். 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, முன்னுரிமைக் குடும்பங்களில் ஒருவருக்கு மாதம் 5 கிலோ தானியம் உரியது. குடும்ப அட்டையில் யார் பெயரேனும் விடுபட்டிருந்தால் அதைச் சேர்க்க உதவுவதும் நோய்த் தடுப்பே. நோயாளியின் உணவுக்கென 2018 முதல் மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டது. 2024 நவம்பரில் இது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வங்கிக் கணக்கு இல்லாத நோயாளி இவ்வுதவியை இழத்தல் கூடாது. கொடையாளர் உணவுப் பொதி வழங்கும் திட்டத்தில் உடனுறைவோரையும் சேர்ப்பதென 2024இல் முடிவு செய்யப்பட்டது. உணவு மிகத் தேவைப்படும் வீடு எது என்பதைக் களப்பணியாளரே நன்கு அறிவர்.

விலையுயர்ந்த டானிக்குகளும் சத்து மாவுகளும் வாங்கினாலன்றி நோய் தீராது என எண்ணிக் கடன்படும் குடும்பங்கள் உண்டு. ஜார்க்கண்டில் உடனுறைவோரைக் காத்தவை அரிசி, பருப்பு, சில மாத்திரைகள் ஆகியவையே என்பதை அவர்களுக்கு எடுத்துரைக்கலாம்.

ஆசிரியரின் பங்கு

பெற்றோருக்குக் காசநோய் கண்ட மாணவர் வகுப்பில் இருந்தால், ஆசிரியர் முதலில் அறியக்கூடியது அம்மாணவரின் மெலிவாகும். அவரைத் தனியே அமர்த்துவதற்குக் காரணமில்லை. பரிசோதனைக்கு அனுப்புதலே வேண்டுவது. மதிய உணவு அவருக்கு ஒரு நாளும் தவறாமற் கிடைக்கச் செய்தல் வேண்டும். வீட்டு வேலைக்காகப் பள்ளியை விட்டு நிற்கும் குழந்தை, பாடத்தோடு அவ்வுணவையும் இழக்கிறது. ஆகவே அத்தகைய குழந்தை வராத நாளன்றே வீட்டாரை விசாரிப்பது நலம்.

மேல் வகுப்புக் கணிதப் பாடத்தில் உடல் நிறைக் குறியீட்டை ஒரு பயிற்சியாக வைக்கலாம். தம் வீட்டாரின் உயரத்தையும் எடையையும் மாணவர் அளந்து கணக்கிடுவர். அவ்வெண்களை வகுப்பில் உரக்கப் படிக்கச் செய்யாமல், 18.5க்குக் குறைந்திருப்பின் சுகாதார ஊழியருக்குத் தெரிவிக்குமாறு சொல்லியனுப்பினால் போதும்.