சமூகப் பாதுகாப்பு இயலாமைக் காப்பீடு (ஐக்கிய அமெரிக்கா)

சமூகப் பாதுகாப்பு இயலாமைக் காப்பீடு என்பது, ஐக்கிய அமெரிக்காவில் நோயாலோ ஊனத்தாலோ உழைத்துப் பொருளீட்ட இயலாமற் போனவர்களுக்கு நடுவண் அரசு மாதந்தோறும் வழங்கும் உதவித்தொகைத் திட்டம் ஆகும். ஊதியத்திலிருந்து பிடிக்கப்படும் சமூகப் பாதுகாப்பு வரியிலிருந்து இத்தொகை வழங்கப்படுவதால் இது காப்பீடு எனப்படுகிறது. முதல் விண்ணப்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மறுக்கப்படுகின்றன. ஆகவே இத்திட்டத்தைப் பற்றி அறிய விரும்புவோர் மேல்முறையீட்டைப் பற்றியும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

வரலாறு

1935 ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் இக்காப்பீடு இடம்பெறவில்லை. 1956 இல் குடியரசுத் தலைவர் ஐசனாவர் கையொப்பமிட்ட திருத்தத்தினால் இது உருவானது. தொடக்கத்தில் 50 அகவை நிரம்பியோருக்கு மட்டுமே கிடைத்த உதவி, 1960 இல் அவ்வரம்பு நீக்கப்பட்டதால் இளையோருக்கும் கிட்டியது. போதிய பணிக்காலம் இல்லாத வறியோருக்கான துணை வருவாய்த் திட்டம் 1974 இல் நடைமுறைக்கு வந்தது.

தகுதி

இந்தியாவில் உள்ளது போன்று 40 விழுக்காடு ஊனம் என்னும் அளவீடு இங்கில்லை. பகுதி இயலாமைக்கு எத்தொகையும் கிடையாது. குறைந்தது 12 மாதங்கள் நீடித்த, நீடிக்கக்கூடிய, அல்லது இறப்பில் முடியக்கூடிய குறைபாட்டினால் குறிப்பிடத்தக்க வருவாய் தரும் எப்பணியையும் செய்ய இயலாதிருத்தல் வேண்டும். 2025 இல் பார்வையுடையோருக்கு அவ்வருவாயின் வரம்பு மாதம் 1,620 டாலராக இருந்தது.

31 அகவைக்கு மேற்பட்டோர் பொதுவாகக் கடந்த 10 ஆண்டுகளில் 5 ஆண்டுகளேனும் வரி செலுத்தியிருத்தல் வேண்டும். எனவே பணியை விட்டு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் காப்பீடு காலாவதியாகிவிடும். இந்நாளைப் பலரும் அறிந்திருப்பதில்லை.

விண்ணப்பித்தல்

இணையம், தொலைபேசி, உள்ளூர் அலுவலகம் ஆகிய மூன்று வழிகளிலும் விண்ணப்பிக்கலாம். ஆங்கிலம் அறியாதோருக்கு மொழிபெயர்ப்பாளர் கட்டணமின்றி அமர்த்தப்படுவார். மருத்துவ முடிவை அந்தந்த மாநில முகமை எடுக்கிறது.

நோயின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. எவ்வளவு நேரம் உட்கார முடியும், எத்தனை இறாத்தல் தூக்க முடியும், மாதத்தில் எத்தனை நாட்கள் படுக்கையிற் கழிகின்றன என்பனவே ஆராயப்படுகின்றன. 2017 மார்ச் 27 முதல் பதிவான விண்ணப்பங்களில், "இவரால் வேலை செய்ய இயலாது" என்று மட்டும் மருத்துவர் எழுதித் தரும் சான்றிதழுக்கு மதிப்பில்லை. செயல்திறன் குறைவை விளக்கும் மருத்துவக் குறிப்புகளே பயன்தரும். முகமை தன் செலவில் ஏற்பாடு செய்யும் மருத்துவப் பரிசோதனைக்குத் தக்க காரணமின்றிச் செல்லாதிருந்தால், அதுவே மறுப்புக்குக் காரணமாகலாம்.

மேல்முறையீடு

மறுப்புக் கடிதம் கிடைத்த 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்தல் வேண்டும். கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து ஐந்தாம் நாள் அது கையில் கிடைத்ததாகக் கொள்ளப்படும். மருத்துவமனையில் இருந்தமை போன்ற தக்க காரணம் காட்டினால் காலத்தாழ்வு பொறுக்கப்படலாம்.

மேல்முறையீடு செய்யாமல் மீண்டும் புதிதாக விண்ணப்பிப்பது பலரும் செய்வதாகும். இது பெரும்பாலும் இழப்பையே தரும். நிலுவைத்தொகை விண்ணப்ப நாளுக்கு முந்தைய 12 மாதங்கள் வரை மட்டுமே கணக்கிடப்படுவதால், புதிய விண்ணப்பத்தினால் பழைய மாதங்கள் கைவிட்டுப் போகும். இதற்கிடையே காப்பீடு காலாவதியாகியிருந்தால், அந்நாளுக்கு முன்பே இயலாமை தொடங்கியதென மெய்ப்பிக்கும் சுமையும் சேரும்.

முதற்படி மறுபரிசீலனை ஆகும். வேறோர் அலுவலர் அதே கோப்பைப் பார்க்கிறார். பெரும்பாலும் மறுப்பே உறுதியாகிறது. இதனைக் கண்டு சோர்ந்து விலகுவோர், வெற்றி வாய்ப்பு மிகுந்த அடுத்த படியை அடையாமலே போகின்றனர்.

அப்படி, நிர்வாகச் சட்ட நீதிபதியின் முன் நடைபெறும் விசாரணை ஆகும். விண்ணப்பதாரர் தம்மைப் பற்றி முடிவெடுப்பவரிடம் நேரடியாகப் பேசுவது பெரும்பாலும் இங்கேதான். எதிர்வாதம் செய்ய அரசு வழக்கறிஞர் எவரும் இரார். சான்றுகளை ஐந்து வேலை நாட்களுக்கு முன்பே அளித்தல் அல்லது தெரிவித்தல் வேண்டும். தொழில்துறை வல்லுநர் ஒருவர், இத்தகைய குறைபாடு உடையவர் செய்யத்தக்க பணிகள் நாட்டில் உள்ளனவா என்று சான்றுரைப்பார். அவர் நெடுங்காலம் சார்ந்திருந்த தொழிற்பெயர் அகராதி 1991 க்குப் பின் திருத்தப்படவில்லை என்பதால், அவரைக் குறுக்கு விசாரணை செய்வது வீண்வேலை ஆகாது.

அதன்பின் மேல்முறையீட்டு மன்றமும், இறுதியில் நடுவண் மாவட்ட நீதிமன்றமும் உள்ளன. நீதிமன்றம் புதிதாகச் சாட்சிகளை விசாரிப்பதில்லை. முடிவுக்குப் போதிய சான்று இருந்ததா, சட்டம் பின்பற்றப்பட்டதா என்பதையே நோக்கும்.

வழக்கறிஞர் கட்டணம் பொதுவாக வெற்றி பெற்றால் மட்டுமே நிலுவைத்தொகையில் 25 விழுக்காடு. வழக்கமான கட்டண உடன்பாட்டில் இதற்கான உச்சவரம்பு 2024 நவம்பர் இறுதியில் 9,200 டாலராக உயர்த்தப்பட்டது.

உதவி நிறுத்தப்படுதல்

உதவி பெறுவோரின் உடல்நிலை அவ்வப்போது மீளாய்வு செய்யப்படும். உடல்நலம் தேறிவிட்டதெனக் கூறி உதவி நிறுத்தப்பட்டால், 10 நாட்களுக்குள் கோரி மேல்முறையீட்டின்போதும் தொகையைப் பெறலாம். தோற்றால் திருப்பிக் கேட்கப்படலாம். நிறுத்துவதற்கு முன்பே முழு விசாரணை நடத்த அரசியலமைப்பு வற்புறுத்தவில்லை என உச்ச நீதிமன்றம் 1976 இல் மேத்யூசு எதிர் எல்ட்ரிட்சு வழக்கில் தீர்ப்பளித்தது. 1980களின் தொடக்கத்தில் நடந்த மீளாய்வுகளில் இலட்சக்கணக்கானோர் உதவியை இழந்தனர். மாநிலங்களும் நீதிமன்றங்களும் எதிர்த்ததன் விளைவாக, உடல்நிலை மேம்பட்டமைக்குச் சான்றின்றிப் பொதுவாக உதவியை நிறுத்தலாகாது என்னும் சட்டத்தை நாடாளுமன்றம் 1984 இல் இயற்றியது.