லாடம் அடிக்கணுமா, வேண்டாமா?

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில், சுவாதித் திருநாள் கட்டிய குதிரை மாளிகையின் கூரையடியில் 122 மரக்குதிரைகள் நிற்கின்றன. அவற்றுக்கு லாடக் கவலை இல்லை. கேரளப் போலீஸின் குதிரைப்படைக்கோ ரோந்து தார்ச்சாலையில்.

நாகர்கோவில் பக்கம் வண்டிமாடுகளுக்கு லாடம் அடித்தவர் என் அப்பா. மாட்டுக்குப் பிளவுக் குளம்பு, காலுக்கு இரண்டு தகடு. குதிரைக்கு வளைந்த ஒரே இரும்பு. ஆணி அடித்தால் வலிக்காதா என்று கேட்பார்கள். குளம்பின் வெளிச்சுவர் நம் நகம் மாதிரி, நரம்பே கிடையாது. ஆணி வெளிப்பக்கமாகச் சாய்ந்து ஏறி, சுவரில் எட்டிப் பார்க்கும். அந்த நுனியை முறித்து மடக்கிவிடுவார்கள். கொஞ்சம் உள்ளே போனாலும் குதிரை நொண்டும்.

குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளர்வதால், லாடத்தையும் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, குளம்பைச் சீவி, மறுபடி அடிக்கணும். வளர்ச்சியை மிஞ்சித் தேய்ந்தால்தான் லாடம் அவசியம். மண்ணிலும் புல்லிலும் உலவுகிற குதிரைக்குச் சீவல் போதும். அமெரிக்காவின் ஹூஸ்டனில் போலீஸ் குதிரைகளே லாடமின்றி ரோந்து போயிருக்கின்றன. ஆனால் ஒரே நாளில் கழற்றி எறிகிற காரியமல்ல. குளம்பு இறுக மாதக்கணக்காகும்.

இங்கே பெரிய எதிரி மழை. இடவப்பாதிப் பருவமழையில் ஊறிய குளம்பு இளகும், ஆணிப்பிடி தளரும், அடியில் அழுகி நாறும். இரும்போ நனைந்த தாரில் வழுக்கும்.

என் கட்சி இது: முதலில் லாயத் தரையை உலர வையுங்கள். பிறகும் சரளையில் குதிரை கால் கூசி நடந்தால், கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டு லாடக்காரரைக் கூப்பிடுங்கள்.