ஓடாத மின் நிலையத்துக்கு யார் பணம் கட்டுவது?

ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பிடித்துக்கொண்டால் முப்பந்தல் காற்றாலைகள் இரவு பகல் பாராமல் சுற்றும். அப்படிப்பட்ட நாட்களில் சென்னைக்கு வடக்கே வல்லூரில் இருப்பது போன்ற அனல் மின் நிலையங்களுக்கு, உற்பத்தியைக் குறைக்கச் சொல்லி உத்தரவு போவது வழக்கம். குறைத்தும் மிஞ்சினால் ஓர் அலகையே அணைத்து வைப்பார்கள். இயந்திரத்தில் பழுது இருக்காது. நிலக்கரி குவிந்து கிடக்கும். ஆட்களும் பணியில் இருப்பார்கள். அந்த நேரத்தில் அதைவிட மலிவான மின்சாரம் வேறிடத்தில் கிடைக்கிறது என்பது மட்டுமே காரணம்.

மின்துறையில் இதை ‘ரிசர்வ் ஷட்டவுன்’ என்கிறார்கள். வீட்டில் கரண்ட் போயிருக்கிற ஒரு மாலையில் இந்தச் செய்தியைக் கேட்பவருக்குக் கோபம் வரத்தான் செய்யும். மின்சாரம் போதவில்லை என்று சொல்லிக்கொண்டே நிலையத்தை ஏன் மூடுகிறார்கள் என்று கேட்பார். ஆனால் பெரும்பாலான நேரங்களில் இந்த நிறுத்தம் நுகர்வோருக்கு நல்லதே. தெருவில் கரண்ட் போவதற்கு டிரான்ஸ்பார்மரோ கேபிளோ காரணமாக இருப்பதுதான் அதிகம். நாம் கோபப்பட வேண்டிய இடம் வேறு. நிலையம் எந்தக் காரணத்தின் கீழ் நிற்பதாகப் பதிவாகிறது என்பதும், நின்ற நாட்களின் செலவு யார் தலையில் விழுகிறது என்பதும் நம் மின்கட்டணத்தில் வந்து சேர்கின்றன. அதைத்தான் யாரும் கேட்பதில்லை.

தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் பல நிலையங்களோடு ஒப்பந்தம் போட்டு மின்சாரம் வாங்குகிறது. எந்த நிலையத்தில் எரிபொருள் செலவு குறைவோ அங்கே முதலில் வாங்க வேண்டும். இந்த வரிசைக்கு ‘மெரிட் ஆர்டர்’ என்று பெயர். காற்று, சூரிய மின்சாரம் இந்த வரிசையில் நிற்பதில்லை, அவற்றுக்கு முன்னுரிமை. மாநில மின்சுமை பகிர்வு மையம் ஒரு நாளை 96 கால் மணி நேரத் துண்டுகளாகப் பிரித்து, யார் எவ்வளவு தர வேண்டும் என்று அட்டவணை போடுகிறது.

நிலக்கரிக் கொதிகலனை ஓர் அளவுக்குக் கீழே இறக்கினால் நெருப்பு நிலைக்காது. எண்ணெய் எரித்துத்தான் அதைக் காக்க முடியும். அதனால் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2016 ஏப்ரலில் மின்தொகுப்பு விதிகளைத் திருத்தி, மத்திய நிலையங்களுக்கு 55 சதவீதம் என்று ஓர் அடிவரம்பு வைத்தது. வல்லூரில் ஒவ்வோர் அலகும் 500 மெகாவாட். அதை 275 மெகாவாட்டுக்குக் கீழே இறக்கச் சொல்ல முடியாது. வாங்குபவர்கள் கேட்பது அதற்கும் குறைவாக இருந்தால் அலகை அணைத்து வைக்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய மின்தொகுப்பு விதிகளும் இதே வழியில்தான் போகின்றன.

அணைத்ததை மறுபடி மூட்டுவது சுலபமில்லை. 10 மணி நேரத்துக்குள் என்றால் சூடு ஆறியிருக்காது. 3 நாளைத் தாண்டினால் முழுக்கக் குளிர்ந்த நிலையிலிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் எண்ணெய் செலவாகும்; கொதிகலன் குழாய்கள் விரிந்து சுருங்கி விரிசல் விடும். இந்தக் கூடுதல் செலவுக்கு ஈடு கொடுக்கவும் 2016 திருத்தம் வழி செய்தது. அந்தப் பணமும் கடைசியில் நம் பில்லில்தான் ஏறுகிறது.

பணக் கணக்கைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் விளங்கிவிடும். மின் நிலையத்துக்குத் தரும் விலை இரண்டு பகுதி. நிலையம் கட்டிய கடனுக்கு வட்டி, முதலீட்டுக்கு லாபம், பராமரிப்பு, சம்பளம் எல்லாம் சேர்ந்தது நிலைச் செலவு. எரித்த நிலக்கரிக்கு ஏற்பத் தருவது எரிபொருள் செலவு. மாத வாடகைக்குப் பேசி வாசலில் நிறுத்திய கார் மாதிரிதான்: ஓட்டினால் டீசல் காசு, ஓட்டாவிட்டாலும் வாடகை. ‘நான் தயார்’ என்று நிலையம் அறிவித்து, ‘வேண்டாம்’ என்று நாம் சொன்னால், நிலைச் செலவை முழுதாகக் கட்ட வேண்டும். ரிசர்வ் ஷட்டவுனில் இருக்கும் நேரமும் ‘தயார்’ நேரமாகவே கணக்கில் ஏறும். மத்திய அனல் மின் நிலையம் ஒன்று ஆண்டில் சராசரியாக 85 சதவீதம் தயாராக இருந்தால் முழு நிலைச் செலவும் அதற்கு உண்டு. அதற்குக் குறைந்தால், அந்த விகிதத்தில் பணமும் குறையும்.

நிறுத்தத்துக்கு எழுதும் காரணம் பணமாக மாறுவது இங்கேதான். பழுதாகி நின்ற அலகும், நிலக்கரி இல்லாமல் நின்ற அலகும் ‘தயார்’ கணக்கில் வரக்கூடாது. அவற்றை ‘தேவை இல்லாததால் நிறுத்தினோம்’ என்று எழுதிவிட்டால் ஓடாத நாளுக்கும் பணம் வரும். சும்மா நிற்கும் நிலையம் உண்மையிலேயே ஓடக்கூடியதா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான், அறிவித்த திறனை ஓட்டிக் காட்டு என்று உத்தரவிடும் அதிகாரத்தை மின்சுமை பகிர்வு மையங்களுக்கு விதிகள் தந்திருக்கின்றன. காட்ட முடியாமல் போனால் மத்திய மின்தொகுப்பு விதிப்படி முதல் முறைக்கு 2 நாள் நிலைச் செலவும், அடுத்த முறைக்கு 4 நாள் நிலைச் செலவும் அபராதம். நல்ல விதிதான். எத்தனை முறை ஓட்டிக் காட்டச் சொன்னார்கள் என்று கேட்கும் குரல்தான் குறைவு.

இன்னொரு விதி பலருக்குத் தெரியாது. 2024 பிப்ரவரியில் மத்திய மின் அமைச்சகம், தாமதக் கட்டணம் தொடர்பான 2022ஆம் ஆண்டு விதிகளைத் திருத்தியது. பகிர்மானக் கழகம் வேண்டாம் என்று விட்ட மின்சாரத்தை நிலையம் மின்சந்தையில் விற்பனைக்கு வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அந்த அளவுக்கு நிலைச் செலவு கேட்க உரிமை இல்லை. ஒரு மாநிலத்தில் காசு வாங்கிக்கொண்டு சும்மா நிற்பதும், பக்கத்து மாநிலத்தில் மின்வெட்டு இருப்பதும் ஒரே நாளில் நடக்கக்கூடாது என்பதே இதன் நோக்கம்.

இதுவரை சொன்னது, வாங்குபவர் வேண்டாம் என்றதால் நிற்கும் நிலையம். ‘ஓட்டினால் எனக்கு நட்டம்’ என்று முதலாளியே நிறுத்தினால்?

குஜராத்தில் முந்த்ரா கடற்கரையில் டாடா பவர் கட்டிய 4,000 மெகாவாட் நிலையத்தில் அதுதான் நடந்தது. குஜராத், மகாராஷ்டிரம், ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா ஆகிய ஐந்து மாநிலங்களுக்கு, ஒப்பந்தக் காலம் முழுவதற்கும் சராசரியாக யூனிட்டுக்கு ₹2.26 என்று ஏலத்தில் எடுத்த நிலையம். எரிபொருள் இந்தோனேசிய நிலக்கரி. 2010இல் இந்தோனேசியா தன் நிலக்கரி விலையை உலகச் சந்தையோடு கட்டிப்போடும் விதியைக் கொண்டுவந்ததும் கணக்கு உடைந்தது. கூடுதல் விலை கேட்டு நடந்த வழக்கில் 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது: வெளிநாட்டுச் சட்டம் மாறியதும் விலை ஏறியதும் ஒப்பந்தத்திலிருந்து விடுதலை தராது என்பது தீர்ப்பு. நுகர்வோருக்குக் கிடைத்த பெரிய வெற்றி அது. ஆனால் காகிதத்தில் கிடைத்த வெற்றி. 2021இல் நிலக்கரி விலை எகிறியபோது, நட்டத்தைத் தாங்க முடியாது என்று நிலையம் நின்றது. இறக்குமதி நிலக்கரியை நம்பிய வேறு பல நிலையங்களும் படுத்தன.

2022 கோடையில் நாடு முழுக்கத் தட்டுப்பாடு. மின்சந்தையில் விலை தாறுமாறாகப் போக, ஏப்ரலில் யூனிட்டுக்கு ₹12 என்று ஒழுங்குமுறை ஆணையம் உச்சவரம்பு வைத்தது. மே 5 அன்று மத்திய அரசு மின்சாரச் சட்டம் 2003இன் 11ஆம் பிரிவைக் கையில் எடுத்தது. அசாதாரணச் சூழ்நிலையில் எந்த மின் நிலையத்தையும் ஓட்டச் சொல்லி அரசு உத்தரவிடலாம் என்கிறது அந்தப் பிரிவு. இறக்குமதி நிலக்கரி நிலையங்கள் அனைத்தும் முழுத்திறனில் ஓட வேண்டும் என்பது உத்தரவு. தூத்துக்குடி, கடலூர் மாவட்டங்களில் உள்ள அத்தகைய தனியார் நிலையங்களுக்கும் இது பொருந்தியது. ஓட்டச் சொன்னதால் வரும் நட்டத்தை ஈடுகட்ட அதே பிரிவில் இடம் உண்டு. அதன்படி கூடுதல் நிலக்கரி விலை வாங்குபவர் கணக்கில் ஏறியது. 2017இல் நீதிமன்றத்தில் கிடைக்காதது 2022இல் நெருக்கடியின் வழியாகக் கிடைத்தது என்பதுதான் என் வாசிப்பு. அரசைக் குறை சொல்லவில்லை. அந்த மே மாதத்தில் வேறு வழி இருக்கவில்லை. முன்கூட்டியே விதி இல்லாததன் விலை அது.

ஜெர்மனியில் அந்த விதி இருக்கிறது. அங்கே நிலையத்தைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமானாலும் குறைந்தது 12 மாதம் முன்பே தெரிவிக்க வேண்டும். மின்கட்டமைப்புக்கு அந்த நிலையம் அவசியம் என்று தெரிந்தால், ஓட்டத் தயாராக வைத்திரு என்று பணித்து அதற்கான செலவைக் கொடுப்பார்கள். பவேரியாவில் உள்ள இர்ஷிங் எரிவாயு நிலையத்தின் இரண்டு புதிய அலகுகளை, லாபமில்லை என்று உரிமையாளர்கள் மூடப் பார்த்தபோது இப்படித்தான் தடுத்து, தேவைக்கு ஓடும் இருப்பாக வைத்துக்கொண்டார்கள். நமது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் மின் உற்பத்திக்கு உரிமமே தேவையில்லை. இப்படியொரு முன்னறிவிப்புப் பிரிவும் இல்லை.

நட்டத்துக்காக நிறுத்துவதாவது கணக்கில் தெரியும். விலையை ஏற்றுவதற்காக நிறுத்துவது அதைவிட ஆபத்து. 2000, 2001இல் கலிஃபோர்னியா மின்வெட்டில் தவித்தபோது, ஏதாவது காரணம் சொல்லி நிலையத்தை நிறுத்தச் சொன்ன, என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனத்தின் வர்த்தகர்களுடைய தொலைபேசிப் பேச்சு பின்னால் வெளிவந்தது. அதே என்ரானின் தபோல் நிலையம் மகாராஷ்டிரத்தில் 740 மெகாவாட்டோடு ஓடத் தொடங்கி, மாநில மின்வாரியத்துக்கு விலை கட்டுப்படியாகாமல் 2001 மே மாதத்தில் நின்று, 2006 வரை ஓடவில்லை. சந்தையில் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தும் நிறுவனத்துக்கு உத்தரவிட ஒழுங்குமுறை ஆணையத்துக்கு நம் மின்சாரச் சட்டத்தின் 60ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. ஆணையத்தின் உத்தரவை மீறினால் 142ஆம் பிரிவின்படி மீறல் ஒன்றுக்கு ₹1 லட்சம் வரை, தொடர்ந்தால் நாளொன்றுக்கு ₹6,000 வரை அபராதம். ஒரு பெரிய நிலையத்தின் வரவுசெலவில் இது கொசுக்கடி.

நிலையத்தில் வேலை செய்பவர்களுக்கும் இதில் ஒரு கவலை உண்டு. சில நாள் நிறுத்தத்தில் யாருக்கும் வேலை போகாது. மாதக்கணக்கில் நீண்டால், முதலில் வாசலுக்கு வெளியே நிற்பது ஒப்பந்தத் தொழிலாளி. 50 அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில், ஓராண்டு தொடர்ந்து பணியாற்றிப் பதிவேட்டில் பெயர் உள்ள தொழிலாளியைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தினால், அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் பாதி தர வேண்டும். பழைய தொழில் தகராறு சட்டத்திலும் இது இருந்தது, புதிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் உண்டு. வருகைப் பதிவு, வருங்கால வைப்புநிதிக் கணக்கு நகல் ஆகியவற்றைக் கையில் வைத்திருப்பவர்தான் பின்னால் தொழிலாளர் துறையில் பேச முடியும்.

சாதாரண நுகர்வோர் எங்கே போவது? வீட்டில் மின்வெட்டு, பில்லில் தவறு என்றால் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளர். நிலைய நிறுத்தத்தைப் பற்றி அங்கே மனுக் கொடுப்பது வீண். அது அவர்கள் வேலை இல்லை. சரியான வாசல் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். கட்டணத்தை மாற்றக் கேட்கும் மனுவின் சுருக்கத்தை வெளியிட வேண்டும், பொதுமக்களின் கருத்தையும் ஆட்சேபத்தையும் பார்த்த பிறகே ஆணையம் முடிவு செய்ய வேண்டும் என்கிறது மின்சாரச் சட்டத்தின் 64ஆம் பிரிவு. 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னையில் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டங்கள் இதன்படிதான். அங்கே பேசியவர்களில் பலர் ‘கட்டணத்தை ஏற்றாதே’ என்றார்கள். நியாயம்தான், ஆனால் அந்த வாக்கியத்துக்கு ஆணையம் பதில் எழுத வேண்டிய கட்டாயம் அதிகமில்லை. எண்ணைக் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

கேட்க வேண்டியது இதுதான்: கடந்த நிதியாண்டில் ஒப்பந்தம் உள்ள ஒவ்வொரு நிலையமும் எத்தனை மணி நேரம் நின்றது? அதில் ரிசர்வ் ஷட்டவுன் எவ்வளவு, பழுது எவ்வளவு, நிலக்கரிப் பற்றாக்குறை எவ்வளவு? நின்ற நேரத்துக்குக் கட்டிய நிலைச் செலவு எவ்வளவு? வேண்டாம் என்று விட்ட மின்சாரம் சந்தையில் விற்பனைக்கு வைக்கப்பட்டதா? அறிவித்த திறனை ஓட்டிக் காட்டச் சொன்னது எத்தனை முறை?

கூட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பகிர்மானக் கழகமும் மின்சுமை பகிர்வு மையமும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை. ₹10 கட்டணம், 30 நாளில் பதில். தனியார் நிலையம் நேரடியாக இந்தச் சட்டத்தில் வராது என்றாலும், அது கழகத்துக்குக் கொடுத்த பில்லும் அறிக்கையும் கழகத்தின் கையில் உள்ள தகவல்தான், கேட்கலாம். ஆணையத்தின் உத்தரவு உங்களைப் பாதிக்கிறது என்றால் 45 நாட்களுக்குள் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதற்கு வக்கீல் செலவு உண்டு என்பதால் நுகர்வோர் அமைப்பாகவோ சிறுதொழில் சங்கமாகவோ சேர்ந்து போவதே நடைமுறை.

கட்டண மனுவின் சுருக்கம் செய்தித்தாளில் வந்தால் ஆட்சேபம் அனுப்ப வேண்டிய கடைசித் தேதி அதிலேயே அச்சாகியிருக்கும். மேலே உள்ள கேள்விகளை ஒரு பக்கத்தில் எழுதி, உங்கள் மின் இணைப்பு எண்ணோடு அந்தத் தேதிக்குள் அனுப்பிவிடுங்கள்.