“பசிக்கலைம்மா!”

திருமங்கலத்தில் ஒரு கல்யாண வீடு. முகூர்த்தம் முடிந்து பந்திக்குக் காத்திருந்த நேரம். என் தூரத்து உறவுக்காரப் பெண், பஸ்ஸில் தினமும் மதுரைக்குப் போய்க் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறவள், பட்டுப் பாவாடை தாவணியில் வந்து நின்றாள். அவளுக்குப் பெரியம்மா முறை ஆகிற ஒரு அம்மாள் கன்னத்தைக் கிள்ளி, “என்னடி, காலேஜ் கேண்டீன் நல்லா ஒட்டுது போலிருக்கே! இப்படியே போனா மாப்பிள்ளைக்கு எங்கே போறது?” என்றார். சுற்றி நின்ற எல்லாரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

எட்டு மாதம் கழித்து மேலூரில் ஒரு வளைகாப்பு. அதே பெண், அதே பெரியம்மா. “அடேயப்பா, இளைச்சு என்னமா அழகாயிட்டே! அந்த ரகசியத்தை எங்களுக்கும்தான் சொல்லேன்!” பெண் வெட்கப்பட்டுச் சிரித்தாள். அவளுடைய அம்மா சிரிக்கவில்லை. என்னைக் கொல்லைப்புறம் இழுத்துப் போய், “நாலு மாசமா தூரமே ஆகலைக்கா. தலை சீவினா சீப்பு நிறைய முடி. வைகாசி வெயில்லேயும் குளிருதுங்கிறா. டிபன் பாக்ஸைத் தெரு நாய்க்குக் கொட்டுறாளாம், பக்கத்து வீட்டுப் பையன் பார்த்திருக்கான். கேட்டா, ‘பசிக்கலைம்மா’ங்கிறா. கல்யாணமாகாத பொண்ணு. நாலு மாசம்னு வெளியே சொன்னா ஊர் என்ன பேசும்?” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஊர் பேச்சுக்குப் பயந்து அவர் தள்ளிப்போட்டதில் இன்னும் ஆறு வாரம் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் போனார்கள்.

வயிறாரச் சாப்பிட வழியிருந்தும், உடம்பு பருத்துவிடுமோ என்ற பயத்தில் பட்டினி கிடப்பது பிடிவாதமில்லை, நோய். லண்டன் மருத்துவர் வில்லியம் கல்லும் பாரிஸ் மருத்துவர் லசேக்கும் 1870-களிலேயே இதை விவரித்து எழுதிவிட்டார்கள். அனரெக்ஸியா நெர்வோஸா என்பது அதன் பெயர். இதற்கு ஒரு தங்கை உண்டு: புலிமியா. அடக்க முடியாமல் வாரிச் சாப்பிட்டுவிட்டு, குற்ற உணர்ச்சியில் அதை எப்படியாவது வெளியேற்றப் பார்ப்பது. ஜெரால்ட் ரஸ்ஸல் என்ற மருத்துவர் இதைத் தனி நோயாக 1979-இல் எடுத்துச் சொன்னார். இந்தப் பெண் பார்வைக்கு ஒல்லியாகவே இருக்க மாட்டாள், அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. சாப்பிட்டவுடன் குளியலறைக்குப் போய் வெகுநேரம் வராமல் இருப்பது, பல் கூச்சம், கன்னத்தின் கீழ்ப்பக்கம் வீக்கம், விரல் முட்டியில் தழும்பு, இதெல்லாம்தான் அடையாளம். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும்.

“இதெல்லாம் வெள்ளைக்காரிகளுக்கு வருவது, நம்ம பக்கம் ஏது?” என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சென்னையில் 210 மருத்துவ மாணவர்களை விசாரித்து, மனநல மருத்துவர்கள் 1995-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏறக்குறைய ஏழில் ஒருவருக்குச் சாப்பாட்டையும் உடம்பையும் பற்றிய தீராத சஞ்சலம் இருந்தது. முழு நோய் என்று சொல்ல முடியாது, அதன் மெல்லிய உருவம். மருத்துவம் படிக்கிற பிள்ளைகளுக்கே இந்தக் கதி!

அதே 1995-இல் பிஜித் தீவின் ஒரு பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. சதைப்பற்றான உடம்பைத்தான் அழகு என்று கொண்டாடி வந்த ஊர் அது. எடை குறைப்பதற்காக வாந்தி எடுப்பதாகச் சொன்ன பள்ளி மாணவி அந்த வருஷம் ஒருத்திகூட இல்லை. மூன்றே வருஷத்தில், 1998-இல், நூற்றுக்குப் பதினொரு பேர் அப்படிச் சொன்னார்கள். ஆன் பெக்கர் என்ற ஆராய்ச்சியாளர் கண்டது இது. இன்றைக்கு நம் பெண்கள் கையில் டி.வி.யைவிடப் பொல்லாத ஒன்று, தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கும் ஃபோன், இருக்கிறது!

பிஜிக்கும் நமக்கும் பெரிய வித்தியாசமில்லை. ‘பூசினாற்போல் இருக்கிறாள்’ என்பது நம் பாட்டிமார் வாயில் புகழ்ச்சி. பெண் சமைந்தால் நல்லெண்ணெயும் கருப்பட்டியும் விட்டு உளுந்தங்களி கிண்டிக் கொடுத்து, இடுப்புக்குப் பலம் சேர்த்த ஊர் இது. ‘ஒல்லிக்குச்சி’ என்பதுதான் அன்றைக்கு ஏச்சு. இப்போது களியை ஊட்டிய அதே வீட்டில், பத்து வருஷம் கழித்து ஜாதகத்தோடு உயரம், எடை, நிறம் எழுதிக் கொடுக்கிறோம். எந்த வயசில் என்ன உடம்பு வேண்டும் என்று பெண்ணுக்கே புரியாமல் போனால் ஆச்சரியமென்ன?

நிறத்தின் கதை தனி. கறுப்பும் அழகே என்ற பிரசாரத்தைச் சென்னையில் ஒரு பெண்கள் அமைப்பு 2009-இல் தொடங்கியது. 2020-இல் ஃபேர் அண்ட் லவ்லி களிம்பு பெயரிலிருந்த ‘ஃபேர்’ என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். கல்யாண விளம்பரங்களிலிருந்து ‘சிவப்பான’ என்ற சொல்தான் இன்னும் போனபாடில்லை.

அப்படியானால் எடையைப் பற்றிக் கவலையே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு எடை அதிகம். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்த சோகை. இரண்டும் ஒரே வீட்டில், சில சமயம் ஒரே உடம்பில்! ஆனால் பட்டினி இரண்டுக்குமே மருந்தாகாது. உசிலம்பட்டியிலிருந்தும் வாடிப்பட்டியிலிருந்தும் விடியற்காலை பஸ் பிடிக்கிற பெண்கள் எத்தனை பேர் வெறும் டீயோடு ஓடுகிறார்கள்! அவர்கள் நோயாளிகள் இல்லை. ஆனால் காலையைத் தாண்டிவிட்டால், சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் பஜ்ஜி வாசனையை யார் தாண்டுவது? இரண்டு இட்லியோ, ஒரு சொம்பு கம்மங்கூழும் கையளவு வேர்க்கடலையுமோ உள்ளே போனால், அந்த வெறி பாதி அடங்கும்.

பட்டினி மனசை என்ன செய்யும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944-45-இல், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்து ஆறு மாதம் அரைப் பட்டினி கிடந்தார்கள். ஆன்சல் கீஸ் என்பவர் நடத்திய சோதனை. எல்லாரும் திடகாத்திரமான ஆண்கள். சில வாரங்களிலேயே சோற்று நினைப்பைத் தவிர வேறு நினைப்பில்லை. சமையல் புத்தகத்தைக் கதைப் புத்தகம்போல் படித்தார்கள், எரிந்து விழுந்தார்கள், ஒதுங்கினார்கள். பட்டினி முடிந்த பிறகும் சிலருக்கு எவ்வளவு தின்றும் அடங்கவில்லை. ‘முன்பெல்லாம் கலகலன்னு இருப்பா, இப்போ வள்ளுன்னு விழறா’ என்று மகளைப் பற்றிச் சொல்கிற அம்மாக்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு மறைப்பும் உண்டு: விரதம். வெள்ளிக்கிழமை ஒருபொழுது இருந்த பெண் செவ்வாய், சஷ்டி, பிரதோஷம் என்று நீட்டிக்கொண்டே போனால், ‘என்ன பக்தி!’ என்று பூரிப்பதற்கு முன்னால், விரதம் முடித்து எப்படிச் சாப்பிடுகிறாள் என்று பாருங்கள். ஆசையாகச் சாப்பிட்டால் பக்தி. அப்போதும் பருக்கையை எண்ணினால் யோசிக்க வேண்டும்.

வருமுன் காக்க என்ன வழி? ‘இந்த நோய் இப்படியிப்படி’ என்று வெறும் பிரசங்கம் செய்வதில் அவ்வளவு பலன் இல்லை என்று கண்டிருக்கிறார்கள். எரிக் ஸ்டைஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் வேறு மாதிரி யோசித்தார். கல்லூரிப் பெண்கள் சிலரை வட்டமாக உட்காரவைத்து, ‘ஒல்லிதான் அழகு’ என்ற எண்ணத்தை அவர்களையே எதிர்த்துப் பேசச் சொன்னார். ‘இதற்காக எவ்வளவு பணம், எவ்வளவு நேரம், எவ்வளவு நிம்மதி போகிறது? இதில் லாபம் யாருக்கு?’ ஒரு தங்கைக்கு எழுதுவதுபோல் கடிதம் எழுத வேண்டும். கண்ணாடி முன் நின்று, தன்னிடம் பிடித்ததைச் சொல்ல வேண்டும். தன் வாயால் சொன்னது மனசில் தங்கிவிடுகிறது. பிறகு பயிற்சி பெற்ற மாணவிகளே மற்ற மாணவிகளுக்கு இதை நடத்தினார்கள். பலன் குறையவில்லை. நம் மதுரையில் லேடி டோக், பாத்திமா, மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி என்று பெண்களுக்கென்றே கல்லூரிகள் இருக்கின்றன. சாயங்காலம் ஹாஸ்டல் மொட்டை மாடியில் பத்துப் பெண்கள் உட்கார்ந்து இப்படிப் பேச என்ன செலவாகும்?

வீட்டில் செய்யக்கூடியது அதைவிட எளிது, அதைவிடக் கஷ்டம். மகள் காதுபட ‘ஐயோ, நான் குண்டாயிட்டேன்’ என்று கண்ணாடி முன் நாம் புலம்புவதை நிறுத்த வேண்டும். (எனக்கு இது இன்னும் முழுசாக வரவில்லை.) ராத்திரி ஒருவேளையாவது டி.வி.யை அணைத்து எல்லாரும் சேர்ந்து உட்கார வேண்டும். ‘இன்னொரு தோசை, என் மேல் ஆணை’ என்று திணிப்பதும் வேண்டாம், ‘போதும்டி, ரெண்டாச்சு’ என்று எண்ணுவதும் வேண்டாம்.

சந்தேகம் வந்துவிட்டால் சாப்பாட்டு வேளையில் பேச்செடுக்காதீர்கள். தலை பின்னும்போது கேளுங்கள். “ஏன் சாப்பிடலை?” என்பதைவிட, “கொஞ்ச நாளா சோர்வா இருக்கியே, என்ன கண்ணு?” என்று கேட்டால் வாய் திறப்பாள். தூரம் மூன்று மாதம் நின்றாலோ, மயக்கம், படபடப்பு வந்தாலோ டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். மிகவும் மெலிந்த பெண்ணை வீட்டிலேயே ஒரேயடியாகச் சாப்பிடவைப்பதும் ஆபத்து. ரத்தத்தில் உப்புகள் திடீரென்று மாறிவிடும். மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமானால் மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. 2022-இல் தொடங்கியது, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

எங்கள் பெண்ணின் டாக்டர் முதலில் இதயத் துடிப்பைப் பார்த்தார், ரத்தம் சோதித்தார். அப்புறம் அம்மாவையும் அப்பாவையும் உட்காரவைத்து, வேளாவேளைக்கு அவளோடு கூட உட்கார்ந்து சாப்பிடச் சொன்னார். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980-களில் உருவான முறையாம் இது. இளம் பெண்களுக்கு நல்ல பலன் தருகிறதாம். அப்பா மத்தியானக் கடையை ஒரு மணி நேரம் சாத்தினார். சில நாள் ஒரு கிண்ணம் தயிர்சாதத்துக்கு முக்கால் மணி நேரமும் அழுகையும் ஆகும். தூரம் திரும்பவும் வர ஏழு மாதம் பிடித்தது.

போன தையில் ஒரு கிரகப்பிரவேசம். பெரியம்மா வாசலிலேயே, “வாடி, இப்பதான்...” என்று ஆரம்பித்தார். பெண்ணின் அம்மா நடுவில் வந்து, “மதினி, அவ பரீட்சை எப்படி எழுதினான்னு கேளுங்க, உடம்பைப் பத்தி வேண்டாம்” என்றார். பெரியம்மாவுக்கு முகம் சுருங்கித்தான் போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து, பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, “என்ன பாடம்டி படிக்கிறே?” என்று கேட்டார். கணக்கு என்றாள் பெண், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே.