கடலடி மண் கூறும் காலக்கணக்கு

பிரிட்டனுக்கும் டென்மார்க்கிற்கும் இடையே உள்ளது வடகடல். 1931ஆம் ஆண்டு அங்கு மீன்பிடித்த இழுவைப் படகின் வலையில் கரிமண் கட்டி ஒன்று சிக்கியது. அதனுள் மான்கொம்பில் செதுக்கிய ஈட்டிமுனை இருந்தது. அப்பகுதிக் கரிமண்ணில் காணப்பட்ட மகரந்தத் துகள்கள், அது நன்னீர்ச் சதுப்பில் உருவானது என்பதை உணர்த்தின. இன்றைய கடலடி, அன்று மக்கள் வேட்டையாடிய நிலம்.

அந்நிலத்தைக் கடல் கொண்ட காலத்தை எவ்வாறு அறிவது? தாவரம் உயிருடன் உள்ளவரை காற்றிலிருந்து கார்பன்-14ஐ ஏற்கிறது. மடிந்தபின் அக்கார்பன் ஏறத்தாழ 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. எஞ்சிய அளவைக் கொண்டு தாவரம் மடிந்த காலத்தைக் கணிக்கலாம்.

கடற்படுகையில் குழாயைச் செலுத்தி மண்ணடுக்குகளைக் குலையாமல் எடுக்கின்றனர். கீழே சதுப்புக் கரிமண்ணும் அதன்மேல் கடற்சிப்பிகள் கலந்த சேறும் இருப்பின், இரண்டும் சந்திக்கும் இடமே கடல் புகுந்த எல்லை. அங்குள்ள கரிமண்ணின் வயது கடல் வந்த காலத்தையும், அதன் ஆழம் அன்றைய கடல்மட்டத்தையும் காட்டும். இடைக்காலத்தில் நிலம் உயர்ந்த அல்லது தாழ்ந்த அளவையும் கணக்கிற் கொள்ளுதல் வேண்டும். பல ஆழங்களில் பெற்ற மாதிரிகளை ஒப்பிட்டால் கடல் உயர்ந்த வேகம் விளங்கும்.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகக் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பனிப்படலங்கள் உருகியதால் அது உயர்ந்தது. இன்றும் பனி உருகுகிறது. அன்று வேட்டை மக்கள் இடம்பெயர்ந்தனர். இன்றைய கடற்கரை நகரங்கள் அவ்வளவு எளிதில் பெயர இயலாதவை. அவற்றின் வருங்காலத்தைக் கணிக்க இப்பழைய மண்ணும் ஓர் அளவுகோலாகும்.