நாம் எழுதுவதையெல்லாம் நினைவில் வைக்கும் கீபோர்டு

ஆண்ட்ராய்டு போனில் புதிதாக ஒரு கீபோர்டு செயலியை இறக்கி, அதை இயக்கப் போகும் நேரத்தில் திரையில் ஒரு எச்சரிக்கைப் பெட்டி வரும். கடவுச்சொல், கிரெடிட் கார்டு எண் உட்பட நீங்கள் எழுதும் அத்தனையையும் இந்தக் கீபோர்டால் சேகரிக்க முடியும் என்று அது சொல்லும். நம்மில் பெரும்பாலோர் அதைப் படிக்காமலே ‘ஓகே’ கொடுத்துவிடுகிறோம். தமிழில் எழுத வேண்டும் என்ற ஆசையில் நாலைந்து கீபோர்டுகளை இறக்கிப் பார்த்து, பிடித்த ஒன்றை வைத்துக்கொண்டு, மற்றவற்றை நீக்காமல் விட்டுவைத்திருப்பவர்களும் உண்டு. அந்த எச்சரிக்கையில் மிகை எதுவும் இல்லை. வங்கிச் செயலி, வாட்ஸ்அப், தேடல், மின்னஞ்சல் என்று எதைத் திறந்தாலும் அதற்குள் நம்மோடு கூடவே வருவது கீபோர்டு.

வாட்ஸ்அப் செய்தி குறியாக்கம் செய்யப்பட்டே போகிறது, நடுவில் யாரும் படிக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பாதுகாப்பு தொடங்குவதே நீங்கள் அனுப்பும் பொத்தானைத் தொட்ட பிறகு. அதற்கு முன்பே ஒவ்வொரு எழுத்தும் கீபோர்டைக் கடந்துதான் வந்திருக்கிறது. அடுத்த சொல்லை ஊகித்துக் காட்டும் பிரெடிக்டிவ் டெக்ஸ்ட், நாம் அடித்ததைத் தானாக மாற்றும் ஆட்டோ கரெக்ட் ஆகிய இரண்டையும் நிறுத்துவது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். எரிச்சல் தீர வேண்டும் என்பதுதான் பெரும்பாலும் காரணம். ஆனால் இதில் தனித்தனியான மூன்று வேலைகள் இருக்கின்றன. பரிந்துரை காட்டாமல் நிறுத்துவது ஒன்று. இதுவரை கற்றுக்கொண்டதை மறக்கச் செய்வது இன்னொன்று. போனைவிட்டு வெளியே எதுவும் போகாமல் தடுப்பது மூன்றாவது. முதல் வேலையை மட்டும் செய்துவிட்டு மூன்றும் முடிந்ததாக நினைத்துக்கொள்வதில்தான் ஆபத்து.

கீபோர்டின் ஊகம் எங்கிருந்து வருகிறது? எல்லோருக்கும் பொதுவான ஒரு அகராதி அதனுள் இருக்கும். அதன்மேல் உங்கள் பழக்கத்திலிருந்து அது சேர்த்துக்கொண்ட சொற்கள் இருக்கும்: பேரப்பிள்ளையின் செல்லப் பெயர், தெருப் பெயர், மின்னஞ்சல் முகவரி, அடிக்கடி அடிக்கும் எண். சில கீபோர்டுகள் இவற்றைப் போனுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். சில, நீங்கள் கணக்குத் தொடங்கி அனுமதி கொடுத்தால், நிறுவனத்தின் சர்வரில் நகல் வைக்கும். போனில் உள்ள எழுத்தை வெளியே எடுக்காமல் அங்கேயே பயிற்சி நடத்தி, அதன் முடிவை மட்டும் பெற்றுக்கொள்ளும் முறையைத் தன் ஜிபோர்டு கீபோர்டில் சோதித்துவருவதாகக் கூகுள் 2017-ல் அறிவித்தது. பழைய முறையைவிட இது நல்லதுதான். ஆனால் எல்லாக் கீபோர்டும் அப்படி இயங்குவதில்லை.

நடந்தவற்றைப் பார்க்கலாம். 2016 ஜூலையில் ஸ்விஃப்ட்கீ கீபோர்டைப் பயன்படுத்திய சிலருக்கு, முன்பின் தெரியாத வேறு யாருடைய மின்னஞ்சல் முகவரிகளோ பரிந்துரையாக வரத் தொடங்கின. சர்வரில் நகல் வைக்கும் சேவையில் நேர்ந்த கோளாறு அது. நிறுவனம் அந்தச் சேவையை நிறுத்திவைத்தது. அதற்கு அடுத்த ஆண்டு டிசம்பரில் ஏஐ.டைப் என்ற கீபோர்டின் தரவுத்தளம் கடவுச்சொல் பூட்டுகூட இல்லாமல் இணையத்தில் திறந்து கிடப்பதைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். 3 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள், மொத்தம் 577 ஜிபி. பெயர், தொலைபேசி எண், இருப்பிடம் இவற்றோடு, பலருடைய போனில் இருந்த தொடர்பு எண்களும் அதில் இருந்தன. அந்தக் கீபோர்டைத் தொட்டே பார்க்காதவர்களின் எண்களும் வெளியே வந்தன என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. ஒருவர் யோசிக்காமல் கொடுத்த அனுமதி, அவருடைய அத்தைக்கும் வீட்டுவேலைக்கு வருபவருக்கும் சேர்த்து எழுதிக் கொடுத்த சம்மதமாகிவிடுகிறது.

கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் இயங்கும் சிட்டிசன் லேப், 2023-ல் சீனாவின் சோகோ கீபோர்டை ஆராய்ந்தது. மாதம் 45 கோடிப் பேருக்கு மேல் பயன்படுத்தும் அந்தக் கீபோர்டு, ஊகத்துக்காகச் சர்வருக்கு அனுப்பிய எழுத்துகளை வழியில் இருப்பவர்கள் படித்துவிட முடியும் என்று காட்டியது. 2024 ஏப்ரலில் அதே அமைப்பு ஒன்பது நிறுவனங்களின் சீனமொழிக் கீபோர்டுகளைச் சோதித்தபோது, எட்டு நிறுவனங்களின் கீபோர்டுகளில் இந்த வகை ஓட்டை இருந்தது. ஷவ்மி, ஓப்போ, விவோ, சாம்சங் என்று நம் ஊர்க் கடைகளில் தினமும் விற்கும் பெயர்களும் அந்த எட்டில் அடக்கம். அங்கே சோதித்தது சீன எழுத்துக்கான கீபோர்டுகளைத்தான். நம் கையில் இருக்கும் தமிழ்க் கீபோர்டில் அதே ஓட்டை இருப்பதாக இதற்குப் பொருள் இல்லை. ஆனால் ஊகிக்கும் வேலை போனுக்குள் நடக்கிறதா, வெளியே நடக்கிறதா என்று பயனர் கேட்டாக வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் தேவையில்லை.

வெளியாரால் வரும் ஆபத்தைவிட வீட்டுக்குள் வரும் ஆபத்து சிலருக்குப் பெரிது. இதைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை. ஒரே போனைக் கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லோரும் எடுக்கும் வீடுகள் ஏராளம். அடிவாங்கும் ஒரு பெண் தன் தோழிக்கு எழுதுகிறாள், படித்தவுடன் உரையாடலை அழித்துவிடுகிறாள். உரையாடல் போய்விட்டது, கீபோர்டின் நினைவு போகவில்லை. மறுநாள் கணவன் அதே போனில் முதல் இரண்டு எழுத்தை அடித்ததும், தோழியின் பெயரோ ‘வக்கீல்’ என்ற சொல்லோ மேலே பட்டையில் வந்து நிற்கலாம். கருத்தடை, மனநலம், காதல், கடன் என எதைப் பற்றி எழுதினாலும் இதே நிலைதான். இப்படிப்பட்ட சூழலில் இருப்பவர்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாக அழிப்பதும் சந்தேகத்தைக் கிளப்பலாம். ஜிபோர்டில் பட்டையில் தெரியும் ஒரு சொல்லை அழுத்திப் பிடித்து, திரையில் தோன்றும் குப்பைத்தொட்டிப் படத்துக்கு இழுத்தால், அந்த ஒரு சொல் மட்டும் நீங்கும். எழுதுவதையே தவிர்த்து 181 என்ற மகளிர் உதவி எண்ணை நம்பிக்கையான வேறொருவர் போனிலிருந்து அழைப்பது அதைவிடப் பாதுகாப்பு.

ஆட்டோ கரெக்ட்டின் தொல்லை வேறு வகை. 2012-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு வரப்போவதாகச் செய்தி அடித்தார். அவர் பேச்சுவழக்கில் அடித்த ‘கன்னா’ என்ற சொல்லைப் போன் ‘கன்மேன்’ என்று மாற்றியது. துப்பாக்கிக்காரன் வருகிறான் என்று படித்தவர் காவல்துறையை அழைக்க, பள்ளி பூட்டப்பட்டது. நம் ஊரில் இது பெரும்பாலும் பெயரில் வந்து விடியும். ஆங்கில அகராதிக்குத் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் எழுத்துப் பிழைகளாகத்தான் தெரிகின்றன. தேர்வு விண்ணப்பத்தையோ வங்கிப் படிவத்தையோ போனிலேயே நிரப்பும்போது, ‘மணி’ என்று ஆங்கில எழுத்தில் அடித்த பெயர், அடுத்த கட்டத்துக்கு விரல் போவதற்குள் ‘மெனி’ ஆகிவிடலாம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்றாகிவிட்டால் எத்தனை அலுவலகங்களுக்கு அலைய வேண்டும் என்பது அலைந்தவர்களுக்குத் தெரியும். அதனால் படிவம் நிரப்ப உட்காரும் முன் ஆட்டோ கரெக்ட்டை நிறுத்துங்கள்; சமர்ப்பிக்கும் முன் பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். மருந்தின் பெயரை மெசேஜில் அடித்து அனுப்பவே வேண்டாம், அட்டையைப் படம் எடுத்து அனுப்புங்கள். ஒரே மாதிரிப் பெயருள்ள மருந்துகள் நிறைய.

இனி நிறுத்தும் வழி. மெனுக்களின் பெயர் போனுக்குப் போன் சற்று மாறும், தேடினால் கிடைத்துவிடும். ஜிபோர்டில் எழுதும்போது மேலே தெரியும் பற்சக்கரப் படத்தைத் தொட்டால் அதன் செட்டிங்ஸ் திறக்கும். அதில் ‘டெக்ஸ்ட் கரெக்ஷன்’ என்ற பகுதியில் ஆட்டோ கரெக்ஷன், பரிந்துரைப் பட்டை, அடுத்த சொல் பரிந்துரை ஆகியவற்றுக்குத் தனித்தனி பொத்தான்கள் உண்டு. இவற்றை அணைத்தால் முதல் வேலை முடிந்தது. இரண்டாவது வேலைக்கு ‘பிரைவசி’ பகுதிக்குப் போக வேண்டும். கற்ற சொற்களையும் தரவையும் அழிக்கும் வசதி அங்கே இருக்கிறது. உறுதிசெய்ய ஒரு எண்ணை அடிக்கச் சொல்லும். அதே பகுதியில்தான் மூன்றாவது வேலையும். பயன்பாட்டுப் புள்ளிவிவரத்தைப் பகிர்வது, எல்லோருக்காகவும் மேம்படுத்துவது என்ற பெயர்களில் உள்ள அனுமதிகளை அணைத்துவிடுங்கள். சாம்சங் போனில் செட்டிங்ஸுக்குள் ‘ஜெனரல் மேனேஜ்மென்ட்’ போய், சாம்சங் கீபோர்டு பகுதியில் பிரெடிக்டிவ் டெக்ஸ்ட்டை அணைக்கலாம். அங்கேயே ரீசெட் பகுதியில் உங்கள் பழக்கத்திலிருந்து கற்றதை அழிக்கும் வழியும் உண்டு. ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், கீபோர்டு என்று போனால் இரண்டு பொத்தான்களும் அங்கே இருக்கும். ஆனால் கற்றதை அழிக்கும் ‘ரீசெட் கீபோர்டு டிக்ஷனரி’ வேறு இடத்தில், ஜெனரலின் கடைசியில் உள்ள ரீசெட் பகுதியில் இருக்கிறது. பொத்தான்களை அணைத்தவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

ஐபோனில் வெளிக் கீபோர்டு எதையாவது சேர்த்திருந்தால் ‘ஃபுல் ஆக்சஸ்’ என்ற அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அது இல்லாமல் அந்தக் கீபோர்டால் இணையத்தைத் தொட முடியாது. கடவுச்சொல் கட்டத்தில் ஐபோன் தன் சொந்தக் கீபோர்டையே காட்டும். ஆண்ட்ராய்டில் அந்தக் காப்பு இல்லை. எட்டாவது பதிப்பிலிருந்து, ‘இங்கே எழுதுவதைக் கற்காதே’ என்று ஒரு செயலி கீபோர்டிடம் கேட்டுக்கொள்ளலாம். குரோமின் இன்காக்னிட்டோ பக்கமும், சிக்னல் செயலியில் நாம் இயக்கும் ஒரு அமைப்பும் அப்படிக் கேட்கின்றன. கேட்பதோடு சரி, கீழ்ப்படிவது கீபோர்டின் கையில். ஆகையால் பயன்படுத்தாத கீபோர்டுகளை நீக்கிவிடுவதும், இணைய அனுமதியே கோராத ஹெலிபோர்டு போன்ற திறமூலக் கீபோர்டு ஒன்றை வைத்துக்கொள்வதும் நல்லது. ஒரு கீபோர்டு என்னென்ன சேகரிக்கிறது என்பதைப் பிளே ஸ்டோரில் அதன் பக்கத்தில் உள்ள ‘டேட்டா சேஃப்டி’ பகுதியில் நிறுவனமே எழுதியிருக்க வேண்டும். இறக்கும் முன் படியுங்கள். நகலெடுத்த கணக்கு எண்ணும் ஓடிபியும் கீபோர்டின் கிளிப்போர்டில் தங்கும் என்பதையும் கவனியுங்கள். ஜிபோர்டில் அவை ஒரு மணி நேரத்தில் நீங்கும், நீங்களே பின் செய்து வைத்தால் நீங்காது.

எல்லோரும் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். கை நடுங்கும் முதியவருக்கும், பார்வை மங்கியவருக்கும், எழுத்துகளைக் கோப்பதில் சிரமப்படும் பிள்ளைக்கும் பரிந்துரைப் பட்டை பெரிய துணை. அவர்கள் பட்டையை வைத்துக்கொண்டு, தானாக மாற்றுவதை மட்டும் அணைத்தால் போதும். எந்தச் சொல் வேண்டும் என்ற முடிவு அப்போது அவர்கள் விரலிலேயே இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-ல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதன் தொடர்ச்சியாக 2023-ல் எண்ம வடிவிலான தனிநபர் தரவுக்கான பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒப்புதல் கேட்கும் நிறுவனம், எதற்காக எந்தத் தரவை எடுக்கிறது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்த அறிவிப்பைத் தமிழில் கேட்டுப் பெறும் உரிமை நமக்கு உண்டு, அரசமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகள் அனைத்துக்கும் அது பொருந்தும். கொடுத்த ஒப்புதலைக் கொடுத்த அளவுக்கே எளிதாகத் திரும்பப் பெறலாம். என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கலாம், அழிக்கச் சொல்லலாம். 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோரின் ஒப்புதல் தேவை. பாதுகாப்பில் கோட்டைவிடும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின; ஆனால் இந்த உரிமைகளும் கடமைகளும் முழுமையாக நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் கொடுக்கப்பட்டிருக்கிறது. இவ்வளவு நீண்ட அவகாசம் நிறுவனங்களுக்குத் தேவையில்லை என்பது என் கருத்து.

அதுவரை நாம் வெறுங்கையோடு இல்லை. 2011-ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் கடவுச்சொல்லையும் வங்கி, கார்டு விவரங்களையும் உணர்திறன் மிக்க தரவாக வகைப்படுத்துகின்றன. நிறுவனம் குறைதீர்க்கும் அதிகாரி ஒருவரை வைத்து, புகாரை ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அலட்சியத்தால் இழப்பு நேர்ந்தால் ஈடு கேட்டு மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரிடம் மனுச் செய்யலாம். 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் தீர்ப்பு அலுவலர் அவர்தான். தமிழ்நாட்டில் இந்தப் பதவியில் இருந்தவர் 2010-ல், இணைய மோசடியில் பணம் இழந்த ஒரு வாடிக்கையாளருக்கு 12.85 லட்சம் ரூபாய் வழங்கும்படி ஒரு வங்கிக்கு உத்தரவிட்டார். இப்படி ஒரு கதவு இருப்பது வழக்கறிஞர்கள் பலருக்கே நினைவில் இருப்பதில்லை.

கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் முதல் அழைப்பு இணையக் குற்ற உதவி எண்ணான 1930-க்கு, அடுத்தது வங்கிக்கு. உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வேறெங்கோ நேர்ந்த கசிவு என்றால், வங்கி தகவல் தந்த மூன்று வேலைநாளுக்குள் புகார் செய்பவருக்கு இழப்பு எதுவும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2017-ல் விதி வகுத்திருக்கிறது. பதற்றத்தில் கீபோர்டை உடனே நீக்கிவிடாதீர்கள். போனின் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். செயலியின் பெயர், பதிப்பு எண், அதற்குக் கொடுத்த அனுமதிகள், பட்டையில் தெரிந்த சந்தேகமான சொற்கள் ஆகியவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொற்களை வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள். புகாருக்குக் கிடைத்த ஒப்புகை எண்ணையும் தேதியையும் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டு, அதன் பிறகு அந்தச் செயலியை நீக்குங்கள்.