வெயிலை விற்கும் கூட்டுறவுச் சங்கம்

பால் கூட்டுறவுக்குப் பெயர் பெற்ற குஜராத் மாநிலத்துக் கேடா ஜில்லாவில் துண்டி என்றொரு கிராமம் உளது. அங்கு ஆறு விவசாயிகள் ஒன்றுகூடி அமைத்த சங்கம், 2016-ஆம் ஆண்டில் சூரிய வெயிலிலிருந்து கிடைக்கும் மின்சாரத்தை விற்கத் தொடங்கிற்று. அதற்கு முன்னர் டீசல் எஞ்சினைக் கொண்டு நீர் இறைத்து வந்தவர்கள் அவர்கள். மூலதனத்தின் பெரும் பகுதி சர்வதேச நீர் மேலாண்மை நிலையத்தாரின் உதவியாகும். இதனை விட்டுவிட்டு அச்சங்கத்தின் லாபத்தைப் பேசுவது நேர்மையான கணக்காகாது.

சூரிய பம்பு வாங்க எண்ணும் அங்கத்தினர் பெரும்பாலும் டீசல் செலவு மீதமாவதை மட்டுமே பார்க்கின்றனர். ஆனால், பயிருக்கு நீர் வேண்டாத நாட்களிலும் வெயில் காயத்தான் செய்கிறது. அந்நாட்களில் தனித்து நிற்கும் பம்பு முடங்கிய முதலேயன்றி வேறில்லை. துண்டியில் எல்லோருடைய பலகைகளையும் கம்பியால் இணைத்து, ஒரே இடத்தில் மின்சாரக் கம்பெனியிடம் ஒப்படைக்கின்றனர். கம்பெனிக்கு ஒரே மீட்டர்; ஒரே பட்டியல். உள்கணக்கைச் சங்கம் பார்த்துக்கொள்கிறது. யூனிட்டுக்கு ரூ. 4.63 வீதம் 25 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம். தனி விவசாயி ஒருவர் கேட்டிருந்தால் கம்பெனியார் இதற்கு எளிதில் இசைந்திருப்பார்களா என்பது ஐயமே.

ஒரு கணக்குப் போடுவோம். ஐந்து கிலோவாட் பலகை நல்ல வெயிலில் நாளொன்றுக்குச் சுமார் 20 யூனிட் தரும். இறைப்பு இல்லாத நாட்கள் ஆண்டில் 200 எனக் கொண்டால் 4,000 யூனிட். மேற்படி விலையில் ரூ. 18,520 ஆகிறது.

இதில் நிலத்தடி நீரைப் பற்றிய விஷயமும் அடங்கியிருக்கிறது. எரிபொருட் செலவு இல்லையென்றால், கிணறு வற்றும்வரை இறைக்கத் தடையேது? விற்பனை விலை ஒன்று இருக்குமாயின், வீணாக இறைக்கும் ஒவ்வொரு யூனிட்டும் ரூ. 4.63 நஷ்டமென்பது விவசாயிக்குத் தானே விளங்கும்.

நம் மாநிலத்தில் 1990 முதல் விவசாயத்திற்கு மின்சாரம் இலவசம். அவ்விணைப்பு உள்ளவருக்குச் சூரிய பம்பினால் மீதமாவது சொற்பம். மிகுதி மின்சாரத்தை வாங்குவோர் இல்லையேல் கடன் தவணை கட்ட வருமானமும் இராது. இணைப்பின்றி டீசலை நம்பியிருப்பவரின் நிலை வேறு. ஆதலால் கடன் மனுவைப் பரிசீலிக்கும் நிர்வாகக் குழுவினர், மனுதாரர் இப்போது எதனால் இறைக்கிறார் என்பதையே முதலில் விசாரித்தல் நலம். பலகை இருபத்தைந்து ஆண்டு உழைக்கலாம். பம்பும் அதனை இயக்கும் மின்கருவியும் அவ்வளவு காலம் உழைப்பதில்லை. அவற்றை மாற்றுவதற்குத் தேய்மான நிதி ஒன்றை முதல் ஆண்டிலிருந்தே தனியே ஒதுக்கி வைத்தல் வேண்டும்.